மாடி தம்பிக்கு, படிக்கட்டு அண்ணனுக்கு

குடும்பச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் வக்கீலுக்குச் சட்டப் புத்தகம் ஒரு அலமாரி இருந்தால் போதும், நாற்காலிதான் குறைந்தது பதினைந்து வேண்டும்.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்றால் இரண்டு பேர் வருவார்கள் என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். இரண்டு மனைவிமார், அவர்களுடைய அண்ணன்மார், ஒரு தாய்மாமன், அவருக்குத் துணையாக ஒருவர் என்று வரிசையாக மாடி ஏறி வருவார்கள். கடைசியாக, "நான் சும்மா கூட வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து ஜன்னலோரம் உட்காருவார். அன்றைக்கு அதிகம் பேசப்போவது அவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் திண்டுக்கல்லில் எனக்கு இதுதான் பிழைப்பு. ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் ஆபீஸ். குமாஸ்தா சவரிமுத்து அண்ணன் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். பங்காளிச் சண்டையில் தூக்கம் கெட்டவர்களே, உயில் பேச்சை எடுத்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் நான் பார்த்த சில பிரிவினைகளை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இவர்கள் இன்றும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள்; அதைக் கெடுத்துக்கொள்வானேன்.

மாடிக்கு வழி

நான் தனியாக எழுதிய முதல் பாகப்பிரிவினைப் பத்திரம் ராஜேந்திரன், முருகேசன் என்ற இரண்டு சகோதரர்களுடையது. டவுனுக்குள் மாடி வைத்த வீடு ஒன்று. ஆறு மாதம் இழுத்த சண்டையை நான் நாலே அமர்வில் முடித்தேன். அண்ணனுக்கு மூட்டுவலி என்பதால் அவருக்குக் கீழ்வீடு, தம்பிக்கு மாடி. கொல்லை, தண்ணீர்த் தொட்டி, முருங்கை மரம், அதிலிருந்து பக்கத்து வீட்டுக்குள் சாய்ந்த கிளை வரைக்கும் ஒன்று விடாமல் எழுதினேன். பதிவு முடிந்ததும் இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியாக ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எட்டாவது நாள் தம்பி முருகேசன் முழங்கையில் சிராய்ப்போடு வந்து நின்றார். வீட்டின் ஒரே படிக்கட்டு அண்ணனுடைய ஹாலுக்குள் இருந்தது. கீழ்வீட்டையும் 'அதில் அடங்கிய அனைத்தையும்' அண்ணனுக்கு என்று எழுதியிருந்தேன். துணி காயப்போடுவதில் அண்ணிக்கும் இவர் மனைவிக்கும் வாய்த்தகராறு வந்திருக்கிறது. அண்ணி பத்திரத்தை எடுத்து நிதானமாக வாசித்துவிட்டு, படிக்கட்டுக் கதவைப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து முருகேசன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பால் சொம்பு எல்லாமே பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரைத் தாண்டித்தான் தங்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் என்மேல் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "எனக்கு மாடி வந்துருச்சும்மா. ஏறுறதுக்குத்தான் வழி வரல" என்றார்.

பிழைதிருத்தல் பத்திரம் ஒன்று எழுதிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நானே போனேன். அவர் கூனிக்குறுகிப் போனார். தம்பி சுவரேறிக் குதிப்பது அவருக்குத் தெரியாதாம். அண்ணிதான் பிடிகொடுக்கவில்லை. மொட்டை மாடியில் தனக்கென்று ஒரு கொடிக்கயிறு, அதில் வேறு யாரும் துணி போடக்கூடாது என்று கேட்டார். அதையும் எழுதினேன். கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏறிப் போகன்னு மட்டும் எழுதியிருக்கீக, எறங்கி வரவும்னு சேத்து எழுதுங்க. அதுக்கு இன்னொருக்கா உங்கள அலைய விடக்கூடாதுல்ல."

வெஞ்சனம் பார்த்து உயில்

பொன்னையா தாத்தா பூட்டுப் பட்டறை வைத்திருந்து ஓய்ந்தவர். மனைவி காலமாகிவிட்டார். மூன்று மகன்களும் ஒரே தெருவில் தனித்தனி வீடு. தாத்தாவுக்கு ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பத்து நாள் சாப்பாடு. ஒரு வீடும் இரண்டு ஏக்கர் கடலைக் காடும் அவர் பெயரில் இருந்தன.

உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்று முதல் நாளே அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பத்து நாளைக்கு ஒருமுறை மாடி ஏறி வர ஆரம்பித்தார். மூத்த மருமகள் நெத்திலிக் குழம்பு வைத்தால் காடு மூத்தவனுக்கு. நடு மருமகள் மூன்று நாள் சேர்ந்தாற்போல் ரசம் ஊற்றினால் நடுவுலவனுக்கு வீட்டில் பின்கட்டு மட்டும். சின்ன மருமகள் ஒரு தடவை தொட்டுக்கொள்ள வெஞ்சனமே இல்லாமல் ஊறுகாயை வைத்துவிட்டாள். அந்த உயிலில் சின்னவன் பெயரையே காணோம். சாட்சிக் கையெழுத்துப் போட்டுப் போட்டு, கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் தாத்தாவின் தலை தெரிந்தாலே பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொள்வார்.

ஒன்பதாவது உயிலின்போது என் பொறுமை போய்விட்டது. மூன்று பேருக்கும் சமமாக எழுதி முடித்து, நிம்மதியாக இருங்கள் தாத்தா என்று சொன்னேன். அதற்குள் விஷயம் மருமகள்களுக்குத் தெரிந்துபோய், அவர்களும் போட்டி போட்டுக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவுக்குக் கன்னம் உப்பி, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முடிச்சு எழுதிட்டா, அப்புறம் எவ எனக்குக் கோழி அடிப்பா?"

டீச்சர் உயில்

ஆரோக்கியமேரி டீச்சர் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என்ன எழுத வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. வீடு மகளுக்கு, நிலம் மகனுக்கு, ஆர்மோனியம் மாதா கோயிலுக்கு. அரைப் பக்கத்தில் முடிகிற உயில். நகலை டைப் அடித்து வாசித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் சிவப்பு மையில் திரும்பி வந்தது. ஒற்று விட்ட இடமெல்லாம் வட்டம். ஓரத்தில் 'வாக்கியம் நீளம்' என்று குறிப்பு. அடியில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு.

மூன்றாவது நகலில்தான் நான் அறுபதைத் தாண்டினேன். சவரிமுத்து அண்ணன் அவரிடம் சின்ன வயசில் படித்தவர். டீச்சர் வருகிறார் என்றால் எதையாவது வாங்கிவருகிறேன் என்று கீழே இறங்கிவிடுவார். கடைசியில் நானே கேட்டுவிட்டேன், இது சட்டப்படி செல்லும் டீச்சர், பிறகு எதற்கு இவ்வளவு திருத்தம் என்று. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் போன பிறகு எம் புள்ளைங்க சண்டை போட்டா இத கோர்ட்டுல சத்தமா வாசிப்பாங்க. சண்டை போட்டுட்டுப் போறாங்க. சந்திப்பிழை இருக்கக் கூடாது."

காலி நாற்காலி

பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த அப்துல் காதரும் அவர் தம்பி இப்ராகிமும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அண்ணன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தம்பி வீட்டுக்கு நேரில் கொண்டுவராமல் ஆள் விட்டுக் கொடுத்தார் என்பது காரணம். அவர்களுடைய அத்தா விட்டுப் போன கடையும் சரக்குப் போடும் கிட்டங்கியும் பிரிக்காமலே கிடந்தன. கிட்டங்கிக் கூரை இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மழைக்காலம் தாங்காது. இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் கூரையில் கை வைக்க முடியும்.

இரண்டு பேரும் என் மேஜைக்கு முன்னால் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, கடை எனக்கு வேணும்னு அவர்ட்ட சொல்லுங்கம்மா என்பார். நான் ஒரு முழத் தூரத்தில் இருக்கும் தம்பியிடம் அதையே சொல்வேன். தம்பி என்னைப் பார்த்து, அப்ப கிட்டங்கிக்கு ரோட்டுப் பக்கம் வாசல் விடணும்னு அவர்ட்ட சொல்லுங்க என்பார். மதியம்வரை இப்படியே போனதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. உள்ளறையில் போன் அடித்ததும் தப்பித்தோம் என்று எழுந்து போனேன்.

போனில் ஒரு அம்மா விடவில்லை, கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் வாசலிலேயே சவரிமுத்து அண்ணன் கைகாட்டி என்னை நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் என் காலி நாற்காலியைப் பார்த்து மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசல் முடிந்துவிட்டது, கூரை முடிந்துவிட்டது, கல்யாணப் பத்திரிகைக்கு வந்திருந்தார்கள். அப்ப எனக்கு மஞ்சக்காமாலை, எழுந்திரிக்க முடியல, அவர்ட்ட சொல்லுங்க என்று நாற்காலியிடம் சொன்னார் அண்ணன். அது எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க என்று தம்பியும் நாற்காலியிடமே சொன்னார். நான் உள்ளே காலெடுத்து வைத்ததும் இப்ராகிம் கையை நீட்டித் தடுத்தார்: "செத்த நேரம் வெளியவே இருங்கம்மா. நாற்காலி குறுக்க பேச மாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

கீரனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. தங்கை தெய்வானையை ஒட்டன்சத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத்தான் அவர் வந்திருந்தார். நான் தனியாகக் கூப்பிட்டு, கேட்டால் கிடைக்கும், கேளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணன்களோடு பகை வேண்டாமுங்க என்று மறுத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

நிலம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. கிணறு பிரியவில்லை. ஒரு கிணறு, ஒரு மோட்டார், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஆளுக்கு இரண்டு நாள் போக ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாறி மாறி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏனுங்க, என் வாரத்துல கரண்ட் இல்லீன்னா என்னங்க பண்றது என்றார் பெரியவர். நடுவுலவர் ஒரு நாளை மூன்றாக வெட்டலாம் என்றார். ராத்திரிப் பங்கை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மோட்டாருக்கும் லீவு வேணுமுங்க, ஞாயித்துக்கிழமை சும்மா கெடக்கட்டும் என்றார் சின்னவர். இரண்டு மணி நேரம் போனது. கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்த தெய்வானை, ஞாயிற்றுக்கிழமையை எனக்குக் கொடுத்துருங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காடில்லாதவளுக்குத் தண்ணி எதுக்கு என்று கேட்டார்கள். அது கிடைத்தால்தான் கையெழுத்து என்று பேனாவை மூடி என் மேஜையில் வைத்துவிட்டார்.

எழுதினோம். ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் தெய்வானையினுடையது, அதை அந்தந்த வாரம் தன் விருப்பப்படி எந்த அண்ணனுக்கும் கொடுக்கலாம் என்று. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ஷரத்தை நான் எழுதியதில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தண்ணீர் என்ன ஆச்சு என்று கேட்டேன். சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு சொன்னார்: "கட்டிக்குடுத்த பன்னண்டு வருசத்துல ஒரு அண்ணனும் எங்க ஊட்டுப் படி மிதிக்கலீங்க. இப்ப சனிக்கிழமையானா மூணு பேரும் பழம், பூவோட வந்து உக்காந்துக்கறாங்க."

சட்னி

சின்னாளபட்டியைச் சேர்ந்த சுமதியும் கண்ணனும் கல்யாணமாகி நாலு வருஷத்தில் பிரிய முடிவு செய்தார்கள். குடியில்லை, அடியில்லை. கண்ணன் வாயைத் திறப்பதில்லை, சுமதி வாயை மூடுவதில்லை, அவ்வளவுதான். இரண்டு பேரும் சம்மதித்து மனுப்போட்டால் ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குள் சீர் சாமான்களைப் பிரித்துவிடலாம் என்று பட்டியல் போட்டோம். மிக்சி கண்ணன் தவணையில் வாங்கியது, ஆகவே அவருக்கு. அதன் ஜார் உடைந்து, சுமதியின் அண்ணன் புதிதாக வாங்கிக் கொடுத்திருந்தார், ஆகவே அது சுமதிக்கு. ஜார் இல்லாத மிக்சியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். சட்டப்படி யாருது என்று மட்டும் சொல்லுங்கக்கா என்றார் சுமதி. சட்டப்படி எழுதினேன்.

ஆறு மாதம் கழித்து வாய்தாவுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே டூவீலரில் வந்து இறங்கினார்கள். கண்ணன் கையில் டிபன் கேரியர். மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். விசாரித்ததில், கண்ணன் இரண்டு தெரு தள்ளித்தான் அறை எடுத்திருக்கிறார். சுமதி முதலில் தேங்காயும் மிளகாயும் ஜாரோடு கொடுத்தனுப்பி அரைத்து வாங்கியிருக்கிறார். ஜார் திரும்பி வரத் தாமதமானதும் தானே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மிக்சி ஓடும்போது சுமதி பேசுவது கண்ணனுக்குக் கேட்காது என்பதால் அவரும் பொறுமையாக நின்றிருக்கிறார். பிறகு தோசையை அங்கேயே ஊற்றிவிடலாமே என்று ஆகியிருக்கிறது. சமாதானமாகிவிட்டீர்களே, ரொம்ப சந்தோஷம் என்றேன். சுமதிக்கு முகம் சுருங்கிவிட்டது: "சமாதானம்லாம் ஒண்ணும் இல்லக்கா. தெனம் ஜாரத் தூக்கிட்டு ரெண்டு தெரு நடக்க முடியல."

என் வீட்டுப் பங்கு

அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் போன பிறகு எங்கள் வீட்டையும் பிரிக்க வேண்டி வந்தது. நானும் கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பியும்தான். ஊருக்கெல்லாம் சமரசம் பேசியவள் தன் வீட்டுக் காரியத்தைத் தானே பார்க்கக் கூடாது என்று, என்னிடம் ஜூனியராக இருந்து தனியாகப் போன வக்கீல் செந்திலிடம் ஒப்படைத்தேன். வீடு பத்து நிமிஷத்தில் முடிந்தது. நகை ஐந்து நிமிஷம். சமையலறைப் பட்டியலில் இட்லிக் கொப்பரை வந்தது. எனக்கு வேண்டும் என்றேன். தம்பியும் அதே நேரத்தில் எனக்கு என்றான்.

முப்பது இட்லி வேகும் பித்தளைக் கொப்பரை அது. என் வீட்டில் இரண்டு பேர், அவன் வீட்டில் மூன்று பேர். ஐந்து பேருக்கு முப்பது இட்லி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தட்டில் துணி விரித்து மாவு ஊற்றியவள் நான் என்றேன். அதிகம் தின்றவன் நான் என்றான் அவன். விட்டுக் கொடுக்கிறவங்க கெட்டுப்போறதில்ல என்று செந்தில் ஆரம்பித்தார். அது நான் பதினைந்து வருஷமாகக் கட்சிக்காரர்களிடம் சொல்லிவந்த வாக்கியம். அதைக் கேட்டால் இப்படிப் பற்றிக்கொண்டு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அசையும் சொத்து, அனுபவ பாத்தியதை என்று நான் சட்டம் பேச ஆரம்பித்தேன். மூன்றாவது வார்த்தையில் அழுதுவிட்டேன். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோளும் குலுங்கியது.

கொப்பரை ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே என்று முடிவானது. தைப்பொங்கலுக்கு அதைக் கைமாற்றுகிற சாக்கில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுகிறோம். யார் வீட்டுக்குப் போனபோது கொப்பரையில் ஒடுக்கு விழுந்தது என்று இன்னும் தகராறு இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் மறுபடியும் சட்டப்பிரிவைச் சொல்ல வாயெடுத்தபோது, செந்தில் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மேடம், நீங்க இன்னைக்குக் கட்சிக்காரர். அழுதுட்டு உக்காருங்க, சட்டத்த நான் பாத்துக்கிறேன்."

ஒரே வீட்டுக்குள் இருந்து சண்டை போட்டவர்களைத் தனித்தனி வீட்டிலிருந்து முத்திரைத்தாள்படி சண்டை போட வைத்ததுதான், கணக்காகப் பார்த்தால், இத்தனை வருஷம் நான் செய்த சமரசம்.